அங்கோர்வாட்டில் வலம் வராதீர்கள்

கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பி, மூலவரை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது நமக்குக் கால்பழக்கம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்போடியாவின் அங்கோர்வாட்டுக்குப் போகும் தமிழர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான்.

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. இதன் வெளிச்சுற்று மண்டபச் சுவர் முழுவதும் புடைப்புச் சிற்பம். அந்தச் சிற்பங்களின் வரிசை அப்பிரதட்சிணமாக, அதாவது கோயில் நம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி, அமைந்திருக்கிறது. ஈமச் சடங்குகளில் சுற்றும் திசை அது. மேற்கு பார்த்த வாயிலையும் இதையும் சேர்த்துப் பார்த்து, விஷ்ணு கோயிலாக இருந்தபோதே இது மன்னனின் நினைவாலயமாகவும் எண்ணப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆகவே மேற்கு வாயிலில் நுழைந்ததும் வலப்பக்கம், அதாவது தெற்கே திரும்புங்கள். முதலில் வருவது குருட்சேத்திரப் போர். அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மூலை திரும்பினால் தெற்குச் சுற்று. அதன் முதல் பாதியில் சூரியவர்மன் குடைகள் சூழ அமர்ந்திருக்கிறான், அவனுடைய படை வரிசையாகப் போகிறது. அடுத்த பாதியில் எருமை மேல் யமன், கணக்குப் பார்க்கும் சித்திரகுப்தன், கீழே 32 நரகங்கள். மறுபடி திரும்பினால் கிழக்குச் சுற்றின் தென்பாதியில், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு. மத்தின் அருகே வந்த மீனும் முதலையும் துண்டுபட்டுக் கிடப்பதைக் கீழ்வரிசையில் குனிந்து பாருங்கள்.

அதோடு வேகத்தைக் கூட்டிவிடலாம். கிழக்குச் சுற்றின் வடபாதியும் வடக்குச் சுற்றின் கிழக்குப் பாதியும் 16ஆம் நூற்றாண்டில்தான் செதுக்கப்பட்டன. கை தளர்ந்த வேலை என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். மேற்கே திரும்பி வந்ததும் இருக்கும் இலங்கைப் போருக்குத்தான் மீதி நேரம் வேண்டும். வழக்கப்படி வலமாகத் தொடங்கியவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடும். இலங்கைப் போரைப் பார்த்த கையோடு சுமாரான சிற்பங்களில் ஒரு மணி நேரம் போய், பாற்கடலுக்கு வரும்போது கால் ஓய்ந்து, வெயிலும் ஏறியிருக்கும்.

சூரியோதயம் முடிந்ததும் கிளம்புவது

விடியலுக்கு முன்பே போய், நடைபாதைக்கு இடப்புறக் குளத்தங்கரையில் இடம் பிடித்து, ஐந்து கோபுரங்களின் பின்னால் சூரியன் எழுவதைப் படம் எடுக்கிறார்கள். அது நல்ல காட்சிதான். ஆனால் கோயில் மேற்கு பார்த்தது என்பதால் காலையில் கிடைப்பது கறுத்த நிழலுரு மட்டும். கல்லின் நிறமும் செதுக்கலும் தெரிகிற படம் வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதே இடத்துக்கு வர வேண்டும்.

உண்மையான இழப்பு வேறு. சூரியன் மேலே வந்த அரை மணியில் பெருங்கூட்டம் காலை உணவுக்காக ஓட்டலுக்குத் திரும்பிவிடுகிறது. அன்றைய நாளிலேயே கோயில் மிக அமைதியாக இருப்பது அதற்குப் பிந்தைய ஒன்றரை மணி நேரம். காலை வெளிச்சம் நேரே கிழக்குச் சுற்றில் விழுவதும், பாற்கடல் சிற்பம் துலங்குவதும் அப்போதுதான். பையில் இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுங்கள்.

உச்சித் தளமான பாக்கானுக்கு ஒரே நேரத்தில் 100 பேரைத்தான் விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போர்த்தினால் போதும் என்று நினைத்து வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் தினமும் உண்டு. தைத்த கை வேண்டும். மாதத்தில் நான்கு பௌத்த விரத நாட்களில் இந்தத் தளம் மூடியிருக்கும். இரண்டு அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அவை வருவதால், வீட்டில் கிழிக்கும் நாட்காட்டியே ஏறக்குறைய வழிகாட்டிவிடும். ஊர்க் கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். முந்தைய நாள் ஓட்டலில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரு நாள் சீட்டு

ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாட்களுக்குள் ஏதேனும் மூன்று நாள் போகலாம். ஒரே நாளில் அங்கோர்வாட், பாயோன், தா ப்ரோம், பாந்தியாய் ஸ்ரேய் எல்லாம் என்று கிளம்புபவர்களுக்கு மூன்றாவது கோயிலிலேயே கல்லெல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடும். குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்பதால் மூன்று நாள் சீட்டே சிக்கனம். சீட்டில் உங்கள் படம் அச்சாகும், மாற்றித் தர முடியாது. கோயில் வாசலில் விற்பதில்லை. பக்கத்து நகரமான சியெம் ரீப்பில் உள்ள அதிகாரபூர்வ நிலையத்திலோ அவர்களின் இணையதளத்திலோதான் வாங்க வேண்டும். மாலை ஐந்து மணி வாக்கில் மறுநாளுக்கான சீட்டை வாங்கினால் அன்றைய அந்தி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். 12 வயதுக்குக் கீழ் இலவசம். குழந்தையின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, பழைய பயணக் குறிப்புகளை நம்பி விமானத்துக்குக் கிளம்பாதீர்கள். ஊருக்குப் பக்கத்தில் இருந்த நிலையம் மூடப்பட்டு, 2023 அக்டோபரில் புதிய நிலையம் திறந்தது. நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். சாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

பாந்தியாய் ஸ்ரேயில் இருபது நிமிடம்

கி.பி. 967இல் பிரதிஷ்டையான இந்தச் சிவன் கோயில் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துக்துக்கில் ஒரு மணிக்கு மேல் ஆகும். படங்களைப் பார்த்துப் பெரிய கோயிலை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்: நடுக் கோபுரமே 10 மீட்டருக்கும் குறைவு. ஒரு சுற்று சுற்றிவிட்டு வண்டியேறிவிடுகிறார்கள். இங்கே உயரத்தைத் தேடக் கூடாது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை போன்ற நுணுக்கம், விரலளவு விரலளவாகப் பார்க்க வேண்டியது. உள்மேடையைக் கயிறு கட்டி அடைத்திருப்பதால் நிலைக்கு மேலுள்ள முகப்புச் சிற்பங்களைப் பார்க்க ஒரு சின்ன தொலைநோக்கி கொண்டுபோங்கள். கிழக்கு பார்த்த கோயில். எட்டு மணி வெயிலில் கல் சிவந்து ஒளிரும்.

உள்சுற்றின் கிழக்கு வாயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாய், தொங்கிய மார்புடன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காணும் உருவம் அது. காரைக்காலில் பிறந்து திருவாலங்காட்டில் ஆடல் கண்டவள், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கடல் தாண்டி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்வதில்லை. தமிழர் ஒருவர் இதைப் பார்க்காமல் திரும்பினால் அது பெரிய இழப்பு. நூலகம் என்று அழைக்கப்படும் இரண்டு சிறு கட்டடங்களில், தெற்கு நூலக முகப்பில் இராவணன் கயிலையை அசைப்பதும், வடக்கு நூலகத்தில் கம்சவதமும் இருக்கின்றன. நிலைக்கற்களில் வெட்டிய எழுத்தையும் பாருங்கள். கம்போடிய மொழியான கெமரின் எழுத்துக்குத் தாய் நம் பல்லவ எழுத்து.

எங்கேயும் சிற்பத்தைத் தொடாதீர்கள். அங்கோர்வாட்டின் தேவதைகள் சிலரின் மார்பு மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளப்பது கைகள் பட்டுப்பட்டுத்தான்.

சாப்பாட்டில் நேரம் தவறுவது

பாந்தியாய் ஸ்ரேய்க்குப் போகும் சாலையில் ப்ரே டாக் என்ற கிராமம் வரும். நோம் பான் சோக் என்ற அரிசி நூலுக்குப் பேர்போன ஊர். நம் இடியாப்பத்தின் உறவு எனலாம், ஆனால் ஆவியில் வேகாது. அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் கட்டிக் கல்லேற்றி நீரை வடித்து, இடித்துப் பிசைந்து, துளையச்சில் வைத்துக் கொதிநீருக்குள் நேரே பிழிவார்கள். மேலே எலுமிச்சைப்புல், மஞ்சள், சித்தரத்தை இனக் கிழங்கு, பூண்டு சேர்த்து அரைத்த க்ரொயுங் விழுதில் காய்ச்சிய மீன் குழம்பு; பக்கத்தில் வாழைப்பூ, வெள்ளரி, கீரை. இது காலை உணவு. கோயிலை முடித்துவிட்டு மதியம் வந்து கேட்டால் மிச்சமோ ஆறிப்போனதோதான் இருக்கும். போகிற வழியிலேயே சாப்பிடுங்கள். கரித்தணலில் வாட்டிய பன்றியிறைச்சிச் சோறும் அப்படித்தான். ஒன்பது மணிக்குள் கடை எடுத்துவிடுவார்கள்.

அமோக் வேறு விஷயம், அதற்குப் பொறுமை வேண்டும். மீன், தேங்காய்ப்பால், முட்டை, க்ரொயுங், பனைவெல்லம், மீன்சாறு கலந்து, அடியில் நுணா இலை போட்டு, வாழையிலைத் தொன்னையில் ஆவியில் வேகவைப்பது. சரியாக வெந்தால் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதத்தில் இறுகியிருக்கும். ஐந்து நிமிடத்தில் மேசைக்கு வருவது பெரும்பாலும் அடுப்பில் கொதிக்கவைத்த தேங்காய்ப்பால் குழம்பு, தொன்னையில் ஊற்றியது. ‘ஆவியில் வேகவைத்ததா, எவ்வளவு நேரமாகும்?’ என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சைவர்கள் செய்யும் தவறு ‘மாமிசம் வேண்டாம்’ என்று மட்டும் சொல்வது. காய்ப் பொரியலிலும் மீன்சாறு விழும், சூப்பில் ப்ரஹோக் என்ற நொதித்த மீன் விழுது கரைந்திருக்கும்; சமைப்பவர் கணக்கில் அவை மாமிசமல்ல, உப்பு. ‘அட் டாக் சாச், அட் டாக் துக் ட்ரேய், அட் டாக் ப்ரஹோக்’ என்று மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள்: இறைச்சி, மீன்சாறு, ப்ரஹோக் எதுவும் போடாதீர்கள் என்று பொருள். இதைக் கெமர் எழுத்தில் ஓட்டல்காரரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தள்ளுவண்டியில் மிளகாய் உப்பு தூவி வெயிலில் காயவைத்த சிறு சிப்பியை விட்டுவிடுங்கள், அது வேகாதது.

சில்லறைக்கு ரியெல் தருவார்கள், ஏறக்குறைய 4,000 ரியெல் ஒரு டாலர். ஓரம் கிழிந்த டாலர் தாளை யாரும் வாங்கமாட்டார்கள். உங்களிடம் மீதி கொடுக்கும்போதும் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

ப்ரே டாக் சாலையோரத்தில் பெரிய இரும்புச் சட்டிகளில் பதநீர் காய்ச்சுவதைப் பார்க்கலாம். நம் பனைதான், தமிழ்நாட்டின் மாநில மரம், அங்கே தேசிய மரம். புளிக்காமலிருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம், அவர்கள் மூங்கில் குழாயில் மரத்துண்டு போடுகிறார்கள். வெல்லத்தின் நிறமும் கருப்பட்டியைவிட வெளுப்பு. மரமேறும் பருவம் வறண்ட மாதங்களில். ஆகஸ்டில் போய்க் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நடக்காது. ஓலையில் சுற்றிய சில்லுகளை வாங்கினால் ஓலையோடு அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் இரண்டே நாளில் கசிந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள்.