உளவுத்துறையின் பழைய கதையைக் காமிக்ஸாக வரையும்போது சறுக்கும் இடங்கள்

எழுத்தில் ‘என்று சொல்லப்படுகிறது’ என ஒரு வால் சேர்த்தால் போதும், வாசகர் உஷாராகிவிடுவார். படத்தில் அந்த வசதி கிடையாது. அதிகாரி ஒருவர் கோப்பைக் கிழிப்பதாக ஒரு கட்டம் வரைந்தால், கிழித்தார் என்றே மனதில் பதிந்துவிடும். உளவு அமைப்பின் கடந்த காலத்தைத் துருவும் காமிக்ஸில் பெரும்பாலான தவறுகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இமயமலையின் நந்தாதேவிச் சிகரத்தில் நடந்த விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 அக்டோபர் 16-ல் சீனா அணுகுண்டு சோதித்தது. அடுத்தடுத்த சோதனைகளை வேவு பார்க்க, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வும் நம் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யும் சேர்ந்து 1965-ல் 7,816 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் கருவி வைக்க ஆள் அனுப்பின. வரைபவர்கள் உச்சியில் ஆன்டெனாவை நட்டுவிடுகிறார்கள். கருவி உச்சிக்குப் போய்ச் சேரவே இல்லை. வானிலை கெட்டதால் நான்காம் முகாமில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறு வருடம் ஏறிப் பார்த்தால் காணோம். மேசையில் ‘ரா’ கோப்பு வரைவதும் தப்பு, நம் வெளிநாட்டு உளவு அமைப்பான ரா பிறந்ததே 1968 செப்டம்பரில். தொலைந்தது அணுகுண்டும் அல்ல. வேவுக் கருவி இயங்குவதற்காக, புளூட்டோனியம்-238 தரும் வெப்பத்தை மின்சாரமாக்கும் ஜெனரேட்டர் அது. கதிர்வீச்சு பயம் நியாயமானது, ஆனால் காளான் மேகம் வரைந்தீர்களோ, மொத்த விசாரணையும் பொய்யாகிவிடும்.

மலையிலும் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பார்த்து வளர்ந்த கை, தன்னையறியாமல் உருண்ட பாறையாகவே இழுக்கும். நந்தாதேவிக்கு இரட்டைச் சிகரம், இரண்டையும் இணைக்கும் கூரிய முகடு. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பென்சிலை எடுங்கள்.

வசனம் கற்பனை செய்வதுதான் மன்னிக்க முடியாத தவறு. 1978 ஏப்ரலில் பிரதமர் மொரார்ஜி தேசாய் நந்தாதேவி விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியது பதிவில் இருக்கிறது. அந்த வாக்கியங்கள் மட்டும் பேச்சு பலூனுக்குள் போகட்டும். ஊகித்து வரையும் காட்சிக்குப் பேச்சே வேண்டாம். கட்டத்தின் கோட்டையும் புள்ளிக்கோடாக மாற்றி, முதல் பக்கத்திலேயே அதன் பொருளைச் சொல்லிவிடுங்கள். வெளியிடப்பட்ட ஆவணத்தில் கறுப்பு மை பூசிய வரிகளைக் கறுப்பாகவே விடுங்கள், அடியில் இருப்பதை ஊகித்து நிரப்பாதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டால் ஐ.பி.யும் ராவும் பதில் தந்துவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. சட்டத்தின் 24-ஆம் பிரிவு அந்த இரண்டுக்கும் விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டுமே விதிவிலக்கு. ஓய்வுபெற்ற உளவு அதிகாரியிடம் பேட்டி எடுக்கிறீர்களா? 2021-ல் திருத்திய ஓய்வூதிய விதிப்படி, அவர் துறை சார்ந்த விவரங்களை முன் அனுமதியின்றி வெளியிட்டால் பென்ஷனே போகலாம். இதை அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம், தடைசெய்யப்பட்ட இடத்தை வரைவதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே இன்று இயங்கும் வளாகத்தின் வாசலில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு நிற்காதீர்கள்.

கடைசியாக எழுத்து. படத்தை முடித்துவிட்டு பலூன் வரைந்தால் தமிழ் அடங்காது. நம் சொற்கள் நீளம். முதலில் வசனத்தை அடுக்கி, பிறகு கட்டம் பிரியுங்கள். ஏ5 அளவில் 9 பாயின்ட்டுக்குக் கீழே போனால் புள்ளியும் சுழியும் மையில் அடைபடும். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்தை நிஜ அளவில் எடுத்து, ‘ண’வும் ‘ன’வும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும்.