அட்டவணையைப் பென்சிலால் எழுதுங்கள்: மழைக்காலத்தில் அரை மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால், 12 வாரப் பயிற்சியை அக்டோபர் நடுவில் தொடங்கியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை, தீபாவளி, பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு எல்லாம் அந்த 12 வாரத்துக்குள்தான் வரும். 2023-இல் நான் அட்டவணையை ஒரு கட்டம் விடாமல் முடித்தே தீருவேன் என்று நின்று காலைக் கெடுத்துக்கொண்டேன். அடுத்த முறை அதே அட்டவணையை வளைத்து ஓடி, 2025 ஜனவரியில் எல்லைக்கோட்டைத் தொட்டேன். இடையில் என்ன மாற்றினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஏற்கெனவே 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறவர்களுக்கான பதிவு இது. காலணி, உடை பற்றி இதில் எதுவும் இல்லை.

படி 1: ஒரே ஓர் அட்டவணை

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நிதான ஓட்டம், ஒரு வேக ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீள ஓட்டம். என்னுடையதில் நீள ஓட்டம் 8 கிலோமீட்டரில் தொடங்கி, 7-ஆம் வாரம் 14, 8-ஆம் வாரம் 16, 10-ஆம் வாரம் 18 என்று ஏறும். 9-ஆம் வாரத்திலும் 11-ஆம் வாரத்திலும் 12-க்கு இறங்கும். இரண்டு அட்டவணைகளைக் கலக்காதீர்கள்.

அட்டவணையே வேண்டாம், மனம் போல ஓடலாம் என்கிறவர்களும் உண்டு. நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓடினேன். ஒருமுறைகூட 7 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. தூரத்தைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் ஓடும் காலையில் தானாக வருவதில்லை; அது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படி 2: காகிதம், பென்சில், ரப்பர்

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர்தான் என் கருவி. கட்டம் பெரிதாக இருக்கும் காலண்டராகப் பாருங்கள். பேனா வேண்டவே வேண்டாம். கைப்பேசிச் செயலிகள் சிலவற்றில் தவறிய நாள் சிவப்பாக மாறி அப்படியே நிற்கும். நாள்தோறும் அந்தச் சிவப்பைப் பார்த்தால் அதை எப்படியாவது ஈடுகட்டத்தான் தோன்றும். தூரத்தைப் பதிந்துகொள்ளச் செயலி போதும். திட்டம் காகிதத்தில் இருக்கட்டும். இன்னொரு நன்மை, வீட்டில் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். என் மாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியது அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான்.

படி 3: எது நகரலாம், எது நகரக் கூடாது

நீள ஓட்டம் வாரத்துக்கு ஒன்று. அது சனி, ஞாயிறு, திங்களுக்குள் எங்கும் போகலாம். வேறு நாளுக்குப் போகக் கூடாது. நீள ஓட்டத்துக்கோ வேக ஓட்டத்துக்கோ மறுநாள் ஓய்வு, அல்லது பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான ஓட்டம். இதில் சலுகையே கிடையாது. கடினமான நாளை அடுத்து எளிதான நாள் என்ற இந்த முறையை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மன்.

மற்ற நிதான ஓட்டங்களை எந்த நாளுக்கு வேண்டுமானாலும் மாற்றுங்கள், குறையுங்கள், விட்டுவிடுங்கள்.

படி 4: தவறிய ஓட்டம் (இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்)

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டிய 14 போயிற்று. அடுத்த வாரம் முழுவதும் போய், அதன் கடைசியில் இருந்த 16-உம் போயிற்று. தண்ணீர் வடிந்ததும் காலண்டர் முன்னால் நின்று கூட்டிப் பார்த்தேன். விட்டதையெல்லாம் பிடித்துவிட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம் என்று தோன்றியது.

செவ்வாய் 6, புதன் 14, வியாழன் 6, வெள்ளி 5. நான்கே நாளில் 31 கிலோமீட்டர். வழக்கமாக ஒரு வாரம் முழுக்க ஓடுவதே 29 அல்லது 30தான். சனிக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் 16 ஓடக் கிளம்பினேன். 11-ஆவது கிலோமீட்டரில் இடதுகால் முன்னெலும்பின் உட்புறம் சுரீரென்றது. வீட்டுக்கு வந்து விரலால் தடவிப் பார்த்தபோது, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் தொடவே முடியவில்லை.

“ஓடும்போது மூச்சு வாங்கியதா?” என்று மருத்துவர் கேட்டார்.

“இல்லை டாக்டர், மூச்சு நன்றாகத்தான் இருந்தது.”

“அதை நம்பித்தான் ஓடியிருக்கிறீர்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும் அம்மா.”

ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். பந்தயத்தன்று நான் வீட்டில் இருந்தேன்.

முன்னெலும்பு நெடுக ஒரு வலி பரவலாக இருந்தால் ஓய்விலும் தூரக் குறைப்பிலும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. ஒன்றிரண்டு நாள் தவறினால் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். தவறியதை வேறு எந்த நாளிலும் சேர்ப்பதில்லை. நீள ஓட்டமே தவறினாலோ ஒரு வாரம் போய்விட்டாலோ, அடுத்த ஞாயிறு ஏணியில் மேலே ஏறாமல் விட்ட படியிலேயே கால் வைப்பேன். இரண்டு வாரம் போனால் முதல் வாரத்தை வழக்கமான தூரத்தில் பாதியாக, நிதானமாக மட்டும் ஓட வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் பின்னால் போய்த் தொடர வேண்டும். அதற்கு நாள் போதாதென்றால் 10 கிலோமீட்டர் பந்தயத்துக்கு மாறிவிடுங்கள். ஒரு வாரம் ஓடாததால் உடல் இழப்பது மிகக் கொஞ்சம். அதை ஒரே வாரத்தில் மீட்கப் போவதில்தான் ஆபத்து.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். மறுநாள் எனக்கு அதே 14. முந்தைய ஆண்டும் புயல் வந்தபோது சரியாக இந்தக் கட்டத்தில்தான் இருந்தேன். இம்முறை 14-ஐ ரப்பரால் அழித்தேன். செவ்வாய்க்கிழமையின் 5-ஐயும் அழித்தேன். வியாழக்கிழமை நிதானமாக 5, அடுத்த ஞாயிறு 16-க்குப் பதில் 14. அதற்கடுத்த வாரம் 12, பிறகு 16. 18 என்ற கட்டத்தை நான் கடைசிவரை ஓடவே இல்லை. பந்தயத்தில் 16-க்குப் பிறகு வந்த ஐந்து கிலோமீட்டரும் என் கால்களுக்குப் புதிய தூரம். வேகம் குறைந்தது, ஆனால் ஓர் இடத்திலும் நடக்கவில்லை.

படி 5: கடைசி இரண்டு வாரம்

இங்கே எதையும் ஈடுகட்டாதீர்கள். இந்த இரண்டு வாரத்தில் கூடுதலாக ஓடுவது பந்தயத்தன்று அசதியாகத்தான் வரும். காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது.

தெருவில் தண்ணீர் நின்றாலும் ஓட வேண்டாம். திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடையும் அறுந்து விழுந்த மின்கம்பியும் தண்ணீருக்கடியில் தெரியாது.

சேர்க்கை, பிப்ரவரி 2025: சுழல்முறை ஷிப்டில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், தனக்கு ஞாயிறு என்பதே நிலையாக இல்லை என்று எழுதியிருந்தார். நான் யோசிக்காத சிக்கல். கிழமைகளை விட்டுவிடுங்கள். நான்கு ஓட்டங்களையும் நான்கு துண்டுக் காகிதத்தில் எழுதி, நீள ஓட்டத்தை வார விடுப்பு நாளில் வையுங்கள். மற்ற மூன்றும் வரிசைப்படி, தூங்கி எழுந்த பிறகு. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வேக ஓட்டம் மட்டும் வேண்டாம்.

மாதவிடாய் நாட்கள் பற்றிச் சில தோழிகள் கேட்டிருந்தார்கள். எனக்கு முதல் இரண்டு நாள் முடியாது. அதனால் காலண்டரில் அந்த நாட்களைத் தோராயமாக முதலிலேயே குறித்துவிட்டு, அந்த வாரத்தையே தூரம் இறங்கும் வாரமாக ஆக்கிக்கொள்கிறேன். எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடுகிறவர்கள் மாற்ற வேண்டியதில்லை.

சேர்க்கை, மே 2025: மதுரையிலிருந்து ஒருவர், கத்திரி வெயிலில் தூரத்தை எட்டவே முடியவில்லை என்கிறார். வெயில் காலத்தில் காலண்டரில் கிலோமீட்டருக்குப் பதிலாக நிமிடத்தை எழுதுங்கள். 8 கிலோமீட்டருக்கு வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகுமென்றால், ‘60 நிமிடம்’ என்று எழுதிவிட்டு, அந்த 60 நிமிடத்தில் எவ்வளவு தூரம் வருகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடல் வெயிலுக்குப் பழக இரண்டு வாரம்வரை ஆகும்; அதுவரை வேக ஓட்டத்தையும் நிதான ஓட்டமாகவே ஓடுங்கள்.