மாலை வகுப்பால் பிள்ளைகள் முன்னேறினார்களா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

எங்கள் பக்கத்தில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு மாலை நேர வகுப்பு நடத்துகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லித் தருகிறார்கள். இதனால் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறுகிறார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. முதல் வருடம் தப்பாகச் செய்தேன். அடுத்த வருடம்தான் சரியாக வந்தது. இதே வேலையில் இப்போது இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கணக்குத்தாளில் சராசரி எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதோடு ஒப்பிடுவது?

ஜூனில் ஒரு தேர்வு, மார்ச்சில் ஒரு தேர்வு, கூடிய மதிப்பெண்தான் வகுப்பின் பலன் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பத்து மாதமும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கிறார்கள். வகுப்பே நடக்காவிட்டாலும் கொஞ்சம் முன்னேறியிருப்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். அதே ஊர்களில் 2019-இல் இதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் பெரிய பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு சுமார் 24 சதவீதம். முன்பு, பின்பு என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தால் மொத்தப் பெயரும் திட்டத்துக்கே போயிருக்கும். தன்னார்வலர்களை வைத்து மாலையில் நடத்திய வகுப்பு, மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்தான். அதை மூன்று நான்கு மடங்காக ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

படி 2: குலுக்கல்

வகுப்பு நடக்கும் ஊர், நடக்காத ஊர் இரண்டும் வேண்டும். எந்த ஊர் எதில் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாகப் பொறுக்கினால் ஆர்வமுள்ள தலைமையாசிரியர் இருக்கும் ஊரையும், பேருந்து போகும் ஊரையும்தான் எடுப்போம். அந்த ஊர்கள் எப்படியும் முன்னேறக்கூடியவை.

"எங்கள் ஊருக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். எல்லா ஊர்க்காரர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, அவர்கள் கண் முன்னால் சீட்டு எடுங்கள். நாங்கள் ஒரு எவர்சில்வர் குடத்தில் ஊர்ப் பெயர்களைப் போட்டு, கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொன்னோம். ஒரு பெரியவர் "இது நம்ம குடவோலைதானே" என்றார். உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்வதும் இதைத்தான்: ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது. அதற்கப்புறம் யாரும் சண்டைக்கு வரவில்லை.

விடுபட்ட ஊர்களுக்கு அடுத்த வருடம் வகுப்பு என்று சொல்லி, சொன்னபடி தொடங்கியும் விடுங்கள். மெக்சிகோவில் புரோகிரெசா உதவித்தொகைத் திட்டத்தையும் இப்படித்தான் சோதித்தார்கள். 506 ஊர்களில் 320 ஊர்களுக்கு முதலில் கொடுத்து, 186 ஊர்களை ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்துச் சேர்த்தார்கள்.

படி 3: முதல் தேர்வு

குலுக்கலுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம், வாசிக்கத் தெரியாத பிள்ளை வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் முறையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்: ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொல்வது. ஒரு பிள்ளைக்கு ஐந்து பத்து நிமிடம்.

பதிவு செய்ய கோபோ டூல்பாக்ஸ், போனிலேயே தகவல் சேகரிக்க உதவும் கருவி. சிக்னல் இல்லாத ஊரிலும் போனில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பலாம். கூகுள் ஃபார்ம் அதற்கு ஒத்துவராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுங்கள், பெயரை நம்பாதீர்கள். ஒரே ஊரில் எங்களுக்கு நான்கு கார்த்திக் இருந்தார்கள், அதில் இருவருக்கு இனிஷியலும் ஒன்று.

படி 4: கடைசித் தேர்வு, வராத பிள்ளைகளையும் சேர்த்து

எங்கள் பக்கம் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். மார்ச்சில் போய் அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் தேர்வு வைத்தால் தவறு நேரும். சூளைக்குப் போனவர்கள் பெரும்பாலும் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள். அவர்கள் இல்லாததாலேயே ஊர்ச் சராசரி ஏறிவிடும். வகுப்பு நடந்த ஊரில் இது நடந்தால் பலன் கூடுதலாகத் தெரியும், நடக்காத ஊரில் நடந்தால் குறைவாகத் தெரியும்.

நாங்கள் சூளைக்கே போனோம். காய்ந்த பச்சைக்கல் வரிசைகளுக்கு நடுவில் ஒரு நிழலில் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பெண் கையில் செம்மண்ணோடு கதையை விரல் வைத்து வாசித்தாள். ஜூனில் 'சொல்' வரைதான் வந்திருந்தாள். அன்று அங்கே போயிருக்காவிட்டால் அவள் எங்கள் கணக்கில் இருந்திருக்கவே மாட்டாள். செலவானாலும் இந்த ஒன்றைக் கைவிடாதீர்கள்.

படி 5: கணக்கு. நான் தவறியது இங்கேதான்

முதல் வருடம் எங்களிடம் ஆறு ஊர்கள், ஊருக்கு 40 பிள்ளைகள், மொத்தம் 240. பிள்ளைகளை 120, 120 ஆகப் பிரித்து டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் சோதனை) போட்டேன். "தற்செயலாக வர வாய்ப்பே இல்லை" என்கிற மாதிரி ஒரு பி மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடிய வாய்ப்பு) வந்தது. அறிக்கையில் எழுதி அனுப்பியும் விட்டேன்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, ஏன்? ஒரே உலை, ஒரே அடுப்பு, ஒன்றாகவே வேகும். அதே காரணத்தால், ஒரு பானையிலிருந்து நாற்பது பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் நாற்பது பானையைப் பார்த்ததாக ஆகாது. ஊரும் அப்படித்தான். ஓர் ஊருக்கு வருட நடுவில் நல்ல தலைமையாசிரியர் வந்தார், நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து ஏறினார்கள். நான் பருக்கைகளை எண்ணியிருந்தேன். குலுக்கியது ஊர்களை, ஆகவே கணக்கும் ஊர்களை வைத்துத்தான் போட வேண்டும்.

செய்முறை இது. பிள்ளை வாரியாகக் கூடிய மதிப்பெண்ணை எடுத்து, ஊர்ச் சராசரியாகச் சுருக்குங்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஊருக்கு ஓர் எண். விளக்குவதற்காக நான் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். வகுப்பு நடந்த மூன்று ஊர்கள்: 1.1, 0.9, 0.7. நடக்காதவை: 0.8, 0.6, 0.4. சராசரிகள் 0.9, 0.6. வித்தியாசம் 0.3.

இந்த 0.3 குலுக்கலின் அதிர்ஷ்டத்தாலேயே வந்திருக்குமா? ஆறு எண்களையும் ஆறு சீட்டில் எழுதுங்கள். மூன்று சீட்டை 'வகுப்பு ஊர்' என்று எடுக்க மொத்தம் 20 வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். 0.3 அல்லது அதற்கு மேல் வருவது இரண்டே வழிகளில்: உண்மையில் நடந்தது ஒன்று, 1.1, 0.9, 0.8 சேர்வது இன்னொன்று. ஆக 20-க்கு 2, அதாவது பத்து சதவீதம். வகுப்பு எதுவுமே செய்யாவிட்டாலும் பத்தில் ஒரு முறை இப்படி வந்திருக்கும். இதை வைத்துப் பலன் உறுதி என்று எழுத முடியாது, பலன் இல்லை என்றும் எழுத முடியாது. "இத்தனை ஊர்களை வைத்துச் சொல்ல இயலவில்லை" என்பதே நேர்மையான வாக்கியம். பணம் கொடுத்தவர்களுக்கு அப்படித்தான் திருத்தி எழுதினேன்.

ஆறு ஊர்களில் எவ்வளவு நல்ல முடிவு வந்தாலும் 20-க்கு 1-க்குக் கீழே போகவே முடியாது என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு ஊர்கள் என்றால் வழிகள் 924. அதனால் 6 ஊர் × 40 பிள்ளைகளுக்குப் பதில் 12 ஊர் × 20 பிள்ளைகள் என்று போங்கள். தேர்வு வைக்கும் உழைப்பு ஏறக்குறைய அதேதான், பெட்ரோல் மட்டும் கூடும். 924 வழிகளைக் கையால் போட முடியாது, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் காம்ப்ன் (combn) என்ற கட்டளை எல்லாவற்றையும் நொடியில் அடுக்கித் தரும். ஆர் இலவசம். இந்த அளவு வேலைக்குக் காசு கொடுத்து ஸ்டேட்டா மென்பொருள் வாங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை 1: பிள்ளைகளின் எண் 007 என்று இருந்தால் எக்செல் அதை 7 ஆக்கிவிடுகிறது, இரண்டு தேர்வுகளையும் இணைக்கும்போது பொருந்தவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். எண்கள் உள்ள நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணுக்கு முன் 'க' என்று ஓர் எழுத்துச் சேருங்கள்.

பிற்சேர்க்கை 2: "திட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, இனிக் குலுக்க முடியாதே" என்று கேட்பவர்கள் பீகார் சைக்கிள் ஆய்வைப் பாருங்கள். 2006-இல் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த பெண் பிள்ளைகளுக்கெல்லாம் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள், குலுக்கல் கிடையாது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 14, 15 வயதினரைத் திட்டம் எட்டாத 16, 17 வயதினரோடும், பெண்களை ஆண்களோடும், பீகாரை 2000 வரை அதோடு சேர்ந்தே இருந்த ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. கூடியதும் பெரும்பாலும் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில். சைக்கிள்தான் காரணம் என்றால் அங்கேதானே கூட வேண்டும்? இந்த வழியில் போகிறவர்கள் திட்டம் வருவதற்கு முந்தைய மூன்று நான்கு வருடத்து எண்களையும் தேடி எடுங்கள். இரண்டு பக்கமும் அப்போது ஒரே போக்கில் போயிருக்காவிட்டால், அந்த ஊரை விட்டுவிட்டு வேறு ஊரை ஒப்பீட்டுக்கு எடுங்கள்.