தூர நாள் வயிற்றுவலி: முந்திக்கொண்டு மாத்திரை, வெயிலுக்கேற்ற ஒத்தடம்

தூர நாளில், அதாவது மாதவிடாயின்போது, அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், இடுப்பு கடுக்கும், குடைச்சல் தொடை வரை இறங்கும். சிலருக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்துகொள்ளும். மாதாமாதம் இப்படிச் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு வேலூர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "பொம்பளன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்". இன்னொன்று, "கல்யாணம் ஆனா சரியாயிடும்". இரண்டும் வலியைக் குறைப்பதில்லை. சரியான மருந்தைச் சரியான நேரத்தில் எடுத்து, கூடவே சூட்டையும் பயன்படுத்தினால், பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் அளவுக்குப் பெரும்பாலோருக்கு வலி அடங்கும். மருந்து பலிக்காமல் போவதற்கு முக்கியமான காரணம், அதைத் தாமதமாகப் போடுவதுதான்.

கரு தங்காத மாதத்தில் கருப்பையின் உள்சவ்வு உதிரும். அப்போது அந்தச் சவ்விலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கருப்பைத் தசை சுருங்கிச் சவ்வை வெளியே தள்ள இது தேவை. அளவு மிஞ்சினால் தசை விடாமல் இறுகும், உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் நெரிபடும், ரத்தம் போதாத தசை வலிக்கும். இதே பொருள் குடலையும் முடுக்கிவிடுவதால்தான் பலருக்கு அன்றைக்குப் பேதியாகிறது. முதல் 2 நாளில் சுரப்பு அதிகம் என்பதால் வலியும் அப்போதுதான் கூடுதல். பொதுவாக 8 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும்.

மாத்திரை

இப்யூப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட், நாப்ராக்சன் ஆகிய மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை ஒன்றும் செய்யாது. காலையில் தூரமாகி, "தாங்குற வரைக்கும் தாங்குவோம்" என்று மதியம் வரை இருந்துவிட்டு, வாந்தி வரும் நேரத்தில் மாத்திரை போட்டால் அது கேட்காமல் போவது இதனால்தான். பிறகு "எனக்கு மாத்திரையே கேக்காது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ரத்தக்கறை தெரிந்த உடனே, அல்லது வழக்கமான இடுப்புக் கடுப்பு ஆரம்பிக்கும்போதே முதல் மாத்திரையைப் போட வேண்டும். சுழற்சி சரியாக வருபவர்கள் எதிர்பார்க்கும் நாளுக்கு முன்பே பையில் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வேறு நோயில்லாத பெரியவர்களுக்கு இப்யூப்ரோஃபென் ஒரு வேளைக்கு 400 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளுக்கு 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மெஃபெனாமிக் ஆசிட் என்றால் முதலில் 500 மி.கி., பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மி.கி.; இதை டாக்டர் சீட்டோடு வாங்குவதே முறை. எதுவானாலும் 2, 3 நாளோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. வயிறும் சிறுநீரகமும்தான் கெடும், வலி கூடுதலாகக் குறையாது. 16 வயதுக்குக் கீழே இருக்கும் பெண்களுக்கு எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றில் வேண்டாம். விடிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் சமைத்துச் சாப்பிட முடியாவிட்டால், ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுப் போடலாம். இரண்டு இட்லியும் போதும்.

மெடிக்கலில் "பீரியட்ஸ் மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கலவை மாத்திரை. அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்: மெஃபெனாமிக் ஆசிட் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. என்று இருக்கும். டைசைக்ளோமின் குடல் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. வாய் உலரும், கண் மங்கலாம், தூக்கம் வரலாம். போட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். நம் ஊருக்கு இன்னும் முக்கியமான ஒன்று, இது வியர்வையைக் குறைக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், தகரக்கூரைக்குக் கீழே வேலை செய்பவருக்கு வியர்வை நின்றால் உடல் சூடு ஏறி மயக்கம் வரும். கோடையில் தனி வலி மாத்திரையே நல்லது. அட்டையிலிருந்து பிரித்து, பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் "செட்டு மாத்திரை"யை எந்த மாதத்திலும் வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதன்மேல் இன்னொரு வலி மாத்திரை போடுவது ஆபத்து.

மெஃபெனாமிக் ஆசிட் பற்றி 2023 இறுதியில் மருந்துகளின் தரத்தையும் பக்கவிளைவுகளையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அரிதாகச் சிலருக்கு, மருந்து எடுத்துச் சில வாரங்கள் கழித்துக்கூடக் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, நெறி கட்டுதல் வரலாம், உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். அப்படி வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மருந்து சாப்பிட்டதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் போன்ற மாத்திரையால் கூடும் ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் இந்த வகை மாத்திரைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். மழைக்காலத்தில் தூர நாளோடு காய்ச்சலும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும். மற்றவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

"மாத்திரை பழகிடும், கர்ப்பப்பை கெட்டுடும்" என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. மாதத்துக்கு 2, 3 நாள், சொன்ன அளவில் எடுக்கும் இந்த மருந்துகளுக்கு உடல் அடிமையாகாது, கருப்பைக்கும் கேடில்லை. இந்தப் பயத்தால் பிள்ளைகளைத் துடிக்கவிடாதீர்கள்.

ஒத்தடம்

அடிவயிற்றில் 40 டிகிரி அளவுக்குச் சூடு தொடர்ந்து இருந்தால் தசை தளரும், ரத்த ஓட்டம் கூடும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியை இது நிரப்பும். "வெளியிலயே வேலூர் வெயில், இதுல ஒத்தடம் வேறயா?" என்று தோன்றலாம். காற்றின் வெக்கையை உடல் வியர்த்து வெளியேற்றிவிடுகிறது. தசையைத் தளர்த்தும் சூடு ஓரிடத்தில் தங்க வேண்டும். ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு அடிவயிற்றில் மட்டும் வைத்தால் கோடையிலும் தாங்கும்.

ரப்பர் பை இருந்தால் முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்புங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். கொதித்து இறக்கியபின் ஐந்தாறு நிமிடம் ஆறட்டும். மூடுவதற்கு முன் பையை மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றினால்தான் வயிற்றோடு படியும். துண்டு சுற்றி 20 நிமிடம் வையுங்கள். வைத்தபடியே தூங்கிவிட்டால் தோல் வெந்துபோகும்.

பை இல்லாத வீட்டில் கல் உப்பு போதும். இரும்புச் சட்டியில் கால் கிலோ உப்பைச் சிறு தீயில் வறுங்கள். உப்புக்குள் இருக்கும் ஈரம் வெடித்துப் படபடவென்று சத்தம் வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். சத்தம் ஓய்ந்ததும் இறக்கி, நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் கொட்டித் தளர்வாக முடியுங்கள். பாலியெஸ்டர் துணி உருகும், பருத்திதான் வேண்டும். முதலில் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள்; மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆற வேண்டும். தொப்புளுக்குக் கீழே ஒற்றி, எடுத்து, மறுபடி ஒற்றுங்கள். முதுகில் வலி இருந்தால் இடுப்பெலும்புக்கு மேலேயும் அப்படியே. அந்த உப்பையே மறுபடி வறுக்கலாம். ஒரே இடத்தில் மாதாமாதம் அதிகச் சூடு வைத்தால் தோலில் வலை போலக் கருந்தடம் விழும். தடம் தெரிந்தால் சூட்டைக் குறையுங்கள்.

வேலை நேரம், தண்ணீர், சாப்பாடு

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காருபவர்களும், குடியாத்தம் பக்கம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுபவர்களும் மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறார்கள். மணிக்கொரு தரம் எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால் இடுப்புக் கடுப்பு குறையும். மற்ற நாட்களில் வாரம் மூன்று முறை, 45 நிமிடமாவது வேகமாக நடப்பவர்களுக்கு அடுத்தடுத்த மாதங்களில் வலி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கழிப்பறை சரியில்லை என்று பெண்கள் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் மிகவும் வருத்தப்பட வேண்டிய விஷயம். உடலில் நீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். கழிப்பறையைச் சரிசெய்வது பள்ளியின், கம்பெனியின் கடமை. பெற்றோரும் தொழிலாளர்களும் சேர்ந்து கேட்கலாம்.

சுக்குப்பொடி முதல் 3, 4 நாள் தினமும் முக்கால் முதல் இரண்டு கிராம் வரை எடுத்தால் சிலருக்குப் பயன் தெரிகிறது. அரை டீஸ்பூனைக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்துக் குடிக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள். உளுந்தங்களி உடம்புக்கு நல்லது, ஆனால் வலியை அடக்காது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

மாத்திரையை நேரத்துக்கு எடுத்தும் மூன்று மாதம் கேட்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். வருடத்துக்கு வருடம் கூடும் வலி, 25 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பித்த வலி, தூரமில்லாத நாட்களிலும் தாம்பத்தியத்தின்போதும் மலம் கழிக்கும்போதும் வரும் வலி ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பை நார்க்கட்டி போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று தள்ளிப்போடுவதால் இவை வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கின்றன. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தாலும் அன்றே போக வேண்டும். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் சுளீரென்று வலித்து மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வயதுக்கு வராமலேயே மாதாமாதம் வயிறு வலிக்கும் சிறுமியையும் காட்ட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். வலி வந்த தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று மூன்று மாதத்துக்கு எழுதிக் கொண்டுபோனால் டாக்டர் பாதி வேலையை அங்கேயே முடிப்பார். ஹார்மோன் மாத்திரை தரலாம். அது சவ்வு தடிப்பதையே குறைக்கும். ரத்த அழுத்தம் இருக்கிறதா, கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருமா என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஸ்கேன் என்றதும் அம்மாக்கள் பயப்படுகிறார்கள். வயிற்றின் மேலேதான் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கருப்பை தெரியும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் போக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் பலருக்கு ஸ்கேனில் தெரியாது. அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் வலி அப்படியே இருந்தால், அந்த ரிப்போர்ட்டையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு டாக்டரிடம் மறுபடியும் போங்கள்.