லேப் நோட்புக்ல இன்ச்சி-கீயும் போட்டு வைங்க

எலக்ட்ரானிக் லேப் நோட்புக்ல ரியாக்‌ஷன் எழுதும்போது ஸ்ட்ரக்சர் படத்துக்குக் கீழ அந்த காம்பவுண்டோட இன்ச்சி-கீயையும் (InChIKey, ஸ்ட்ரக்சர எழுத்தா மாத்துற இன்ச்சி கோட சுருக்குன அடையாள வரிசை) டெக்ஸ்ட்டா பேஸ்ட் பண்ணிடுங்க, ஸ்ட்ரக்சர் வரையற சாஃப்ட்வேரான கெம்டிராவ்ல காப்பி ஆஸ் மெனுவுலயே இருக்கு. படத்துக்குள்ள இருக்கறத சாதாரண சர்ச் தேடாது, பேரையும் லேப்ல ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க, ஆனா இந்த 27 கேரக்டர் கீ, மாலிக்யூல எப்படி திருப்பி வரைஞ்சாலும் ஒன்னாதான் வரும். முதல் 14 எழுத்த மட்டும் தேடுனா ஸ்டீரியோ ஐசோமரும் (அணுக்களோட இணைப்பு ஒன்னா இருந்து, முப்பரிமாண அமைப்பு மட்டும் மாறுற வடிவங்கள்) சேர்ந்தே வந்துடும், ஆர்-ஐபுப்ரோஃபென், எஸ்-ஐபுப்ரோஃபென் ரெண்டும் ஒரே தேடல்ல கிடைக்கும், கைரல் (கண்ணாடி பிம்பம் மாதிரி ஜோடியா வர்ற மாலிக்யூல்) வேலை பண்றவங்க இத கண்டிப்பா பழகிக்கோங்க.

பாலிமர், கலவைக்கெல்லாம் இது சரிப்படாது. மெட்டல் காம்ப்ளெக்ஸ்லயும் ஸ்டாண்டர்ட் இன்ச்சி மெட்டல் பாண்ட வெட்டி விட்டுடும், அங்க இத நம்பாதீங்க. உங்க நோட்புக் சாஃப்ட்வேர்ல ஸ்ட்ரக்சர் சர்ச் (வரைஞ்ச படத்த வச்சே தேடுற வசதி) ஏற்கனவே இருந்தா இந்த வேலையே வேண்டாம்.