வீடு நியூ ஜெர்சியில், வேலை நியூயார்க்கில்: மாநில வரித் தாக்கல் செய்வது எப்படி?

காலையில் ஜெர்சி சிட்டியில் பாத் ரயில் ஏறினால், ஆற்றுக்கு அடியில் சில நிமிடங்களில் மன்ஹாட்டன். பயணம் சின்னதுதான், ஆனால் வரி என்று வந்தால் இரண்டு மாநிலங்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரே சம்பளத்துக்கு ரெண்டு பேருக்கும் கட்டணுமா?" தாக்கல் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும், முழு வரியை இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் நிறுவனம் ஆண்டு முடிவில் தரும் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தை எடுத்து, 15 (மாநிலம்), 16 (சம்பளம்), 17 (பிடித்த மாநில வரி)-ஆம் பெட்டிகளைப் பாருங்கள். பல டபிள்யூ-2-களில் நியூயார்க்குக்கு ஒரு வரிசை, நியூ ஜெர்சிக்கு ஒரு வரிசை என இரண்டு இருக்கும். இரண்டிலும் உள்ள சம்பளத் தொகை ஒன்றாக இருக்காது. ஹெச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்துக்கு நியூ ஜெர்சி விலக்குத் தருவதில்லை, அதுபோன்ற காரணங்கள்தான். பதறாதீர்கள், முக்கியமாக இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். அது ஒரே சம்பளம்.

அப்புறம் ஃபெடரல் ரிட்டர்னை, அதாவது மத்திய அரசுக்கான வரித் தாக்கலை, முடியுங்கள். மாநிலப் படிவங்கள் அந்த எண்களை வைத்துத்தான் நகரும்.

மூன்றாவதாக, வேலை பார்க்கும் மாநிலம். நியூயார்க்கில் வசிக்காதவர்களுக்கான படிவம் ஐடி-203. அதில் ஃபெடரல் தொகைக்கு ஒரு நெடுவரிசை, நியூயார்க் தொகைக்கு ஒரு நெடுவரிசை. மொத்த வருமானத்துக்கும் வரி போட்டுப் பார்த்துவிட்டு, அதில் நியூயார்க் வருமானத்தின் விகிதத்தை மட்டும் கேட்பார்கள். மனைவி நியூ ஜெர்சியிலேயே எடிசனில் வேலை பார்த்து, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால், அவர் சம்பளத்துக்கு நியூயார்க் நேரடியாக வரி போடாது. ஆனால் அது உங்கள் வரி விகிதத்தை ஏற்றிவிடும்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தேனே, அதைக் கழிக்கலாமா? பெரும்பாலும் முடியாது. நிறுவனத்தின் தேவைக்காக இல்லாமல் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்தால், அந்த நாட்களையும் நியூயார்க் தன் கணக்கில்தான் சேர்க்கும். ஆறுதலாக ஒன்று: நியூயார்க் நகர வரி அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். டபிள்யூ-2-இன் 19-ஆம் பெட்டியில் அதைத் தவறுதலாகப் பிடித்திருந்தால் இதே ஐடி-203-இல் திரும்பக் கேளுங்கள்.

இப்போதுதான் வசிக்கும் மாநிலம், அதன் படிவம் என்ஜே-1040. இதில் எல்லா வருமானத்தையும் காட்ட வேண்டும். பிறகு என்ஜே-சிஓஜே என்ற அட்டவணையில், நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்குக் கிரெடிட், அதாவது நியூ ஜெர்சி வரியில் கழிவு, கேட்க வேண்டும். முதல் ஆண்டு நான் சறுக்கிய இடம் இதுதான். 17-ஆம் பெட்டியில் இருந்த, சம்பளத்தில் பிடித்த தொகையை அப்படியே எழுதிவிட்டேன். எழுத வேண்டியது அதுவல்ல, ஐடி-203 போட்டு முடித்ததும் வரும் உண்மையான வரித் தொகை. நியூயார்க் முதலில், நியூ ஜெர்சி பிறகு என்ற வரிசையும் இதனால்தான். என் தவறுக்குச் சில மாதம் கழித்து நியூ ஜெர்சியிடமிருந்து கடிதம் வந்தது, மீதியை வட்டியோடு கட்டினேன்.

கிரெடிட்டுக்கு ஓர் எல்லை உண்டு. உதாரணத்துக்கு, நியூயார்க் வரி 5,000 டாலர், அதே வருமானத்துக்கு நியூ ஜெர்சி வரி 3,000 டாலர் என்றால், கிடைப்பது 3,000. மிச்ச 2,000 டாலரை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இது நியூயார்க் கதை. பென்சில்வேனியாவில் வேலை என்றால் இவ்வளவு பாடு இல்லை. அந்த மாநிலத்துக்கும் நியூ ஜெர்சிக்கும் ஒப்பந்தம் இருப்பதால், சம்பளத்துக்கு வசிக்கும் மாநிலத்தில் மட்டும் வரி. ஆனால் பிலடெல்பியாவில் அலுவலகம் என்றால் நகர வரியைப் பிடிப்பார்கள். அதற்கும் என்ஜே-சிஓஜே-யில் கிரெடிட் கேட்கலாம்.

ஆண்டின் நடுவில் வீடு மாறியவர்களுக்கும் இதே ஐடி-203, என்ஜே-1040 படிவங்கள்தான். குடியிருந்த தேதிகளைச் சரியாகக் குறித்துப் பிரிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக வங்கி வட்டி. அதற்கு நியூயார்க் வரி போடாது, ஆகவே கிரெடிட்டும் கிடையாது. நியூ ஜெர்சிக்குக் கையிலிருந்து கட்ட வேண்டும். இப்படி நியூ ஜெர்சிக்கு ஆண்டுக்கு 400 டாலருக்கு மேல் பாக்கி வரும் என்று தெரிந்தால், அடுத்த ஏப்ரல் 15 வரை காத்திருக்காமல் என்ஜே-1040-இஎஸ் வழியாக நான்கு தவணையில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.