கசக்கும் டீயும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும்

டீ உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லாத வீடு இல்லை, டீ போடாத வீடும் இல்லை. என்னைக் கேட்டால் இலையின் மேல் குற்றம் கொஞ்சம்தான். போடுகிற விதமும் குடிக்கிற நேரமும்தான் காலை வாருகின்றன.

முதலில் அடுப்படி. நம் பக்கம் அதிகம் புழங்குவது டஸ்ட் டீ. இலையை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி முறையில் வருகிற பொடித்தூள். துகள் அவ்வளவு சிறியது என்பதால் கொதிநீரில் விழுந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நிறமும் மணமும் இறங்கிவிடும். நாமோ பாலோடு சேர்த்துப் போட்டு, பொங்கப் பொங்க அடக்கி, பத்து நிமிடம் காய்ச்சுகிறோம். அதற்குள் துவர்ப்பும் கசப்பும் ஏறிவிடுகின்றன. அதை அமுக்கத்தான் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டாக்டர் குறைக்கச் சொல்கிறார் என்று சர்க்கரையில் மட்டும் கைவைத்தால், 'இது டீயா, கஷாயமா' என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

இப்படிப் போட்டுப் பாருங்கள்: தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஆளுக்கு ஒரு டீஸ்பூன் தூள் போட்டு, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலைச் சேருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையே தித்திப்பாகத் தெரியும். அங்கிருந்து வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் நாக்கு சண்டை போடாது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். தலா இரண்டு ஸ்பூன் போட்டு நாளுக்கு நாலு டீ என்றால் 32 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. டீயிலேயே அது தாண்டிவிட்டது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போட்டால் கணக்கில் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதெல்லாம் வரும்.

அடுத்தது, சாப்பிட்ட கையோடு ஒரு டீ. டீயில் உள்ள டானின் போன்ற பொருட்கள் கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதற்கு டீ மட்டும் காரணமென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏற்கெனவே குறைவாகக் கிடைப்பதைத் தடுப்பானேன்? சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. இதைவிட மோசம், இரும்புச்சத்து மாத்திரையையே டீயில் விழுங்குவது. தைராய்டு மாத்திரைக்கும் வெறும் தண்ணீர்தான்.

சூடு விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டு, கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் டீயாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று 2016-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. டீ மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றுவது வெறும் வித்தைக்காக என்று நினைத்திருந்தேன். சூட்டைத் தணிக்க அதைவிட எளிய வழி ஏது?

பேப்பர் கப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் கண்டார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பார்சல் டீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூக்குவாளி எடுத்துப் போகலாம், கூச்சமெல்லாம் இரண்டு நாளைக்குத்தான்.

கடையில் கண்ணாடி டம்ளரிலேயே கேளுங்கள். பல கடைகளில் மாஸ்டர் சர்க்கரையை முதலில் டம்ளரில் போட்டுவிட்டுத்தான் டிகாஷனைத் தொடுவார். அதனால் உட்கார்ந்த பிறகு யோசிக்காமல், கடைக்குள் கால் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, லைட்டா ஒண்ணு, சக்கரை அரை."